சம்பளத்தைக் கணித்துச் சொல்லும் இணையச் சேவை: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் எழுதும் மதிப்புரை

வேலை மாறியே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தபோது, எவ்வளவு சம்பளம் கேட்பது என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தரவுப் பகுப்பாய்வுத் துறையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். ஆனால் இதுவரை இரண்டே நிறுவனங்களில்தான் வேலை பார்த்திருந்தேன். உடன் பணிபுரிந்தவர்களிடம் அவர்களுடைய சம்பளத்தைப் பற்றி நான் கேட்டதும் இல்லை, அவர்களாகச் சொன்னதும் இல்லை. ஆகவே, பதவியின் பெயர், அனுபவம், துறை, பணியிடம் ஆகிய விவரங்களைக் கொடுத்தால் சந்தையில் நம் மதிப்பு இவ்வளவு என்று ஓர் எண்ணைக் காட்டும் இணையச் சேவை ஒன்றில் பதிவு செய்துகொண்டேன். சில வாரங்கள் இலவசமாகவும் அதன் பிறகு சந்தா கட்டியும், ஆக மொத்தம் எட்டு மாதங்கள் பயன்படுத்தினேன். சேவையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் இயங்குபவை பல இருக்கின்றன. நான் எழுதப்போவதில் பெரும்பகுதி அவற்றுள் எதைச் சோதித்துப் பார்ப்பதற்கும் உதவும்.

சேவையில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் சம்பள மதிப்பீடு. இரண்டாவது, சந்தாதாரர்களுக்கு மட்டும் திறக்கும் விரிவான அறிக்கை. மூன்றாவது, நாற்பது கேள்விகள் கொண்ட பணித்திருப்திச் சோதனை. ஒரு வேலை நமக்கு எவ்வளவு மனநிறைவு தரும் என்பதை நூற்றுக்கு இத்தனை என்று அது மதிப்பெண் போட்டுச் சொல்கிறது. இந்த மூன்றில் நடுவில் உள்ளது ஒன்றுதான் கொடுத்த பணத்துக்குத் தகுதியானது என்பது என் முடிவு. மற்ற இரண்டும் எனக்கு நன்மை செய்யவில்லை. முதலாவது உறுதியாகத் தீங்கே செய்தது.

என் அப்போதைய சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். விவரங்களைக் கொடுத்து முடித்ததும், திரையின் பாதியை அடைத்துக்கொண்டு சேவை காட்டிய எண் 142. அதன் கீழே சிறிய எழுத்தில் “மதிப்பீடு” என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. அந்த எண் எப்படி வந்தது, யாருடைய சம்பளங்களிலிருந்து வந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்த்த நிமிடத்திலிருந்து, இத்தனை ஆண்டுகளாக ஏமாற்றப்பட்டிருக்கிறேன் என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்று வாரங்கள் கழித்து ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டபோது, 142 என்றே சொன்னேன். பேச்சுவார்த்தை 118-இல் முடிந்தது. கையில் இருந்ததைவிட 18 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கவிருந்த ஒரு ஆஃபர், 24 குறைவாகக் கிடைத்த ஒன்றாகவே எனக்குத் தெரிந்தது. மனம் கசந்து மறுத்துவிட்டேன்.

முதலில் கண்ணில் படும் எண், அதற்குப் பின் நாம் செய்யும் மதிப்பீடுகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதை உளவியலாளர்களான அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இலேயே விளக்கிவிட்டார்கள். அவர்களுடைய சோதனையில், கேட்கப்பட்ட கேள்விக்குச் சற்றும் தொடர்பில்லாத, சக்கரத்தைச் சுழற்றிக் கிடைத்த எண்கூட மக்களின் விடைகளை மாற்றியது. இங்கேயோ, எண் என் சொந்தச் சம்பளத்தைப் பற்றியது. என் விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, எனக்கென்றே கணித்தது போன்ற தோற்றத்தோடு காட்டப்பட்டது. இப்படிப்பட்ட ஓர் எண்ணைத் தனியாக நிறுத்திக் காட்டுபவர்களுக்கு, அது எதைக் குறிக்கிறது என்பதை அதே திரையில், அதே அளவு எழுத்தில் சொல்லும் கடமை இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சந்தா கட்டிய பிறகுதான் உண்மை விளங்கியது. 142 என்பது கூட்டுச் சராசரி. அதைக் கணிப்பதற்கு எடுத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை 37. அவர்களின் இடைநிலை, அதாவது அத்தனை பேரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் பெறுவது, 121 மட்டுமே. வேறுபாடு ஏன் இவ்வளவு என்பதை ஒரு சிறிய கணக்கில் காணலாம். பத்து பேரில் ஒன்பது பேர் 40 பெறுகிறார்கள், ஒருவர் மட்டும் 400 பெறுகிறார் என்றால் சராசரி 76. அந்தப் பத்து பேரில் ஒருவர்கூட 76 பெறவில்லை. சம்பளங்களுக்குக் கீழே ஓர் எல்லை உண்டு, மேலே எல்லை இல்லை. ஆகவே பெரும்பாலான சம்பளப் பட்டியல்களில் உச்சியில் இருக்கும் சிலர் சராசரியை மேலே இழுத்துவிடுவார்கள். இந்தக் காரணத்துக்காகவே, பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் தன் வருடாந்திர ஊதியக் கணக்கெடுப்பின் தலைப்புச் செய்தியாக இடைநிலையைத்தான் வெளியிடுகிறது. இடைநிலையைத் தானே கணித்து வைத்திருக்கும் ஒரு சேவை, அதைச் சந்தாதாரர்களின் அறிக்கையில் மறைத்துவைத்து, சராசரியை வாசலில் தொங்கவிட்டிருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

அடுத்த கேள்வி, அந்த 37 பேர் யார் என்பது. அரசுப் புள்ளியியல் அமைப்புகள் இதில் மிகுந்த கவனம் எடுத்துக்கொள்கின்றன. மேற்சொன்ன பிரிட்டன் கணக்கெடுப்பு, வரிப் பதிவேடுகளிலிருந்து நூற்றுக்கு ஒன்று என்ற வீதத்தில் ஊழியர்களின் வேலைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் விவரங்களை முதலாளிகளின் சம்பளப் பதிவுகளிலிருந்து பெறுகிறது. அமெரிக்காவின் தொழிலாளர் புள்ளியியல் துறையும் தொழில்வாரி ஊதியக் கணக்கெடுப்பை நிறுவனங்களிடமே நடத்துகிறது. மூன்று ஆண்டுகளில் சுமார் 11 லட்சம் பணியிடங்களைத் தொடர்புகொள்கிறது. அவற்றுக்கும் குறைபாடுகள் உண்டு: இரண்டிலும் சுயதொழில் செய்பவர்கள் இடம்பெறுவதில்லை. ஆனால் எது கணக்கில் சேரும், எது சேராது என்பதை இரண்டும் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கின்றன. அமெரிக்கக் கணக்கெடுப்பில் கமிஷன், டிப்ஸ் ஆகியவை சேரும். கூடுதல் நேரப் பணிக்கான ஊதியம் சேராது.

நான் சந்தா கட்டிய சேவையிலோ, விரும்பியவர் தாமாக வந்து தம் சம்பளத்தைப் பதிவு செய்கிறார். சம்பளச் சீட்டு எதையும் யாரும் கேட்பதில்லை. என் சம்பளத்தை நானும் பதிவு செய்தேன். எவ்விதத் தீய நோக்கமும் இல்லாமல்தான் செய்தேன். இருந்தும் முந்தைய ஆண்டு கிடைத்த போனஸையும் சேர்த்து, அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தித்தான் எழுதியிருந்தேன் என்பதைச் சில வாரங்கள் கழித்தே உணர்ந்தேன். படிவத்தில் அடிப்படைச் சம்பளம், போனஸ், படிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது. மற்ற 36 பேரில் எத்தனை பேர் கைக்கு வரும் தொகையை எழுதினார்கள், எத்தனை பேர் பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தத் தொகுப்பை எழுதினார்கள் என்பதை அறிய வழியே இல்லை. பதிவுகளின் தேதியும் காட்டப்படுவதில்லை. சேவையின் உதவிப் பக்கத்தைத் தோண்டிப் பார்த்ததில், மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பதிவுகளும் எவ்விதத் திருத்தமும் இன்றிச் சேர்க்கப்படுகின்றன என்று தெரிந்தது. விலைவாசி ஏறிய மூன்று ஆண்டுகளின் சம்பளங்களைக் கலந்து ஓர் எண்ணைச் சொன்னால், அது எந்த ஆண்டின் சம்பளமும் அல்ல.

பதவிப் பெயர்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாடு, 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உலகின் தொழில்களை 436 அலகுகளாகப் பிரிக்கிறது. ஒருவர் எந்த அலகில் வருவார் என்பதை அவர் செய்யும் வேலைகளே தீர்மானிக்கின்றன, விசிட்டிங் கார்டில் அச்சிட்டிருப்பது தீர்மானிப்பதில்லை. இந்தச் சேவை பதவியின் பெயரை மட்டுமே பார்க்கிறது. ஐந்து பேர் வேலை செய்யும் அலுவலகத்தின் “மேனேஜர்”, ஐயாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தின் “மேனேஜர்” இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இவ்வளவு குறைகளைச் சொன்ன பிறகும், விரிவான அறிக்கையை நான் பாராட்டுவதற்குக் காரணம் அதன் நூற்றுமான அட்டவணை. குறைந்த சம்பளத்திலிருந்து உயர்ந்த சம்பளம் வரை எல்லோரையும் வரிசைப்படுத்தி, 10, 25, 50, 75, 90 ஆகிய நூற்றுமானங்களில் என்ன சம்பளம் இருக்கிறது என்பதைக் காட்டும் இந்தப் பக்கம், அனுபவ ஆண்டுகளையும் நிறுவனத்தின் அளவையும் மாற்றி மாற்றிப் பார்க்க இடம் தருகிறது. 25-ஆவது நூற்றுமானம் என்றால், நூறு பேரில் 25 பேர் அதற்குக் கீழே பெறுகிறார்கள் என்று பொருள். ஒவ்வொரு தேர்வுக்கும் எத்தனை பேரின் பதிவு இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. நூறு பேருக்கு மேல் பதிவிருக்கும் பதவிகளுக்கு இந்த அட்டவணை நன்றாகவே பயன்படுகிறது. பதிவு செய்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் கூட்டியே எழுதியிருந்தாலும், நாம் வரிசையின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

அதன் பலனை நான் நேரில் கண்டேன். எங்கள் குழுவில் ஆறு ஆண்டு அனுபவமுள்ள ஒரு தோழி, தனக்குக் கிடைப்பது நியாயமானதா என்று அறிய விரும்பினார். என் சந்தாவிலேயே பார்த்தோம். அவருடைய பதவிக்கும் அனுபவத்துக்கும் 214 பேரின் பதிவு இருந்தது. அவர் 25-ஆவது நூற்றுமானத்துக்கும் கீழே இருந்தார். முதல் வேலையில் அவருக்குக் கொடுத்த குறைந்த சம்பளத்தின் மீதே ஒவ்வொரு முறையும் விழுக்காட்டுக் கணக்கில் இன்கிரிமென்ட் சேர்ந்துகொண்டு வந்ததால், ஆரம்பத்தில் இருந்த சிறிய இடைவெளி ஆறு ஆண்டுகளில் பெரிதாகியிருந்தது. அந்த அட்டவணையோடு, தான் கையாளும் பொறுப்புகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அவர் மேலாளரைச் சந்தித்தார். இரண்டு மாதங்களில் அவருடைய சம்பளம் இடைநிலைக்கு அருகில் திருத்தி அமைக்கப்பட்டது. சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்காத சூழலில் இழப்பு எப்போதும் தொழிலாளிக்குத்தான். ஏனெனில் நிறுவனத்திடம் எல்லோருடைய சம்பளமும் ஒரே கோப்பில் இருக்கிறது, அவரிடம் தன்னுடையது மட்டுமே இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் முந்தைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது, தொடக்கச் சம்பளத்தை அல்லது அதன் வரம்பை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஆணை பிறப்பித்ததும் இந்தச் சமமின்மையைக் குறைப்பதற்காகத்தான். அத்தகைய சட்டம் இல்லாத இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஒரு பக்கம் பெரிய துணை.

ஆயினும் சம்பள விவரத்தைத் தெரிந்துகொள்வதற்கும் ஒரு விலை உண்டு. அதைச் சேவை தன் பயனாளர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு மட்டும், எல்லோருடைய சம்பளத்தையும் பார்க்கக்கூடிய ஓர் இணையதளம் இருக்கிறது என்று தெரிவித்துவிட்டு, பிறகு என்ன நடக்கிறது என்று டேவிட் கார்டும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், தம் துறையின் இடைநிலைக்குக் கீழே சம்பளம் பெற்றவர்களின் பணித்திருப்தி குறைந்திருந்தது. மேலே பெற்றவர்களின் திருப்தி உயரவில்லை. நான் 142-ஐப் பார்த்த பிறகு கழித்த மூன்று வாரங்களை இதைவிடச் சரியாக யாராலும் விவரிக்க முடியாது. சம்பளம் அதே 100 தான், மேசையும் வேலையும் அவைதான். நான் மட்டும் காலையில் கணினியைத் திறக்கவே மனமில்லாதவனாகியிருந்தேன்.

இனி, மூன்றாவது பகுதியான பணித்திருப்திச் சோதனை. நாற்பது கேள்விகளில் பதினாறு சம்பளம், போனஸ், பதவி உயர்வு பற்றியவை. ஒன்பது, அலுவலக வசதிகள் பற்றியவை. மீதியிலும் நிறுவனத்தின் பெயரும் புகழும் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொண்டன. நான் மறுத்த 118 ஆஃபரையும், பின்னர் ஏற்றுக்கொண்ட வேறொரு வேலையையும் இந்தச் சோதனையில் தனித்தனியே கொடுத்துப் பார்த்தேன். மறுத்த வேலைக்கு 78 மதிப்பெண். இப்போது நான் மனநிறைவோடு செய்துகொண்டிருக்கும் வேலைக்கு 61.

சோதனையை உருவாக்கியவர்கள் எதை அளக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை என்றே கருதுகிறேன். திமோதி ஜட்ஜும் சகாக்களும் 2010-இல், 92 தனித்தனி மாதிரிகளிலிருந்து கிடைத்த முடிவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, சம்பள அளவுக்கும் பணித்திருப்திக்கும் இடையிலான ஒட்டுறவு 0.15 மட்டுமே. முழுப் பொருத்தம் என்றால் 1 என்பதை நினைவில் கொண்டால், இது எவ்வளவு மெல்லிய தொடர்பு என்பது விளங்கும். சம்பளம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் அல்ல; வாடகையும் கடன் தவணையும் கட்ட முடியாதவரிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவது நியாயமும் அல்ல. ஆனால் தேவைகள் ஒருவாறு நிறைவேறிய பிறகு, ஒரு வேலையை நல்ல வேலையாக்குவது எது என்பதற்கு 1970-களிலேயே ஆய்வாளர்கள் ஹேக்மனும் ஓல்டமும் ஐந்து கூறுகளை எடுத்துச் சொன்னார்கள்: பலவகைத் திறன்களுக்கு இடம் இருப்பது, ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே செய்வது, அது பிறருக்குப் பயன்படுவது, எப்படிச் செய்வது என்பதைத் தானே தீர்மானிப்பது, செய்தது சரியா தவறா என்று தெரியவருவது. நாற்பது கேள்விகளில் இந்த ஐந்தையும் தேடினேன். பலவகைத் திறன்களைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. மற்ற நான்கைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

சோதனை முடிவோடு தரப்படும் விளக்கக் கட்டுரையும் காலாவதியானது. ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் சம்பளம் உயர்ந்தாலும் மகிழ்ச்சி உயராது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அன்றாட மனநிலையைப் பற்றிக் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களிடம் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு அது. 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் அத்தகைய எல்லை எதையும் காணவில்லை. பின்னர் கானமனும் அவரும் பார்பரா மெல்லர்ஸின் துணையோடு சேர்ந்தே ஆராய்ந்து, பெரும்பாலானோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் தொடர்ந்து உயர்கிறது, மகிழ்ச்சி குன்றிய ஒரு சிறுபான்மையினருக்கு மட்டுமே ஓரளவுக்கு மேல் அது நின்றுவிடுகிறது என்று 2023-இல் எழுதினார்கள். ஆய்வாளரே திருத்திக்கொண்ட ஒரு முடிவை, பணம் வாங்கிக்கொண்டு அறிவுரை சொல்லும் சேவை இன்னமும் திருத்தாமல் வைத்திருப்பது பெரிய அலட்சியம்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. இந்தச் சேவையின் எந்தப் படிவமும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பதில்லை. அமெரிக்கக் கணக்கெடுப்பு மணிநேர ஊதியத்தை ஆண்டுச் சம்பளமாக மாற்றுவதற்கு 2,080 மணி நேரத்தால் பெருக்குகிறது. வாரம் 40 மணி நேரம், 52 வாரங்கள். அது சரியோ தவறோ, எடுத்துக்கொண்ட அளவு என்ன என்பதாவது நமக்குத் தெரிகிறது. 118 ஆஃபர் கொடுத்த குழுவில் வாரத்துக்கு 55 மணி நேரம் வேலை இருக்கும் என்பதை, அங்கிருந்து விலகிய ஒருவர் பின்னர் சொல்லித் தெரிந்துகொண்டேன். என் பழைய வேலை வாரத்துக்கு 42 மணி நேரம். 100-ஐ 42-ஆல் வகுத்தால் 2.38, 118-ஐ 55-ஆல் வகுத்தால் 2.15. பதினெட்டு விழுக்காடு உயர்வு என்று தோன்றியது, மணிக்கணக்கில் பார்த்தால் குறைவு. அந்த வேலையை மறுத்தது சரியான முடிவுதான். ஆனால் நான் அதைத் தவறான காரணத்துக்காக மறுத்தேன், சரியான காரணத்தை எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய சேவை சொல்லவில்லை.

இப்போதைய வேலையின் சம்பளம் 115. வாரம் 40 மணி நேரம். நான் தயாரிக்கும் அறிக்கையை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை அறிவேன். அதில் பிழை இருந்தால் மறுநாளே எனக்குத் தெரிந்துவிடும். பிழை இப்படி உடனே தெரியவருவது எனக்கு எவ்வளவு தேவைப்பட்டிருந்தது என்பதை, கிடைத்த பிறகுதான் உணர்ந்தேன்.

சில சிறு குறிப்புகள். தளம் வேகமாக இயங்குகிறது. வாடிக்கையாளர் உதவிக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் ஒரு நாளுக்குள் பதில் வந்தது. ஆனால் சராசரிக்குப் பதில் இடைநிலையை முகப்பில் காட்டலாமே என்ற என் கோரிக்கைக்குப் பரிசீலிக்கிறோம் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சந்தாவை நிறுத்துவது எளிது. பதிவு செய்த சம்பள விவரத்தை நீக்கத்தான் தனியே கடிதம் எழுத வேண்டியிருந்தது.

சந்தா கட்ட நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. பரவலாக இருக்கும் பதவியில் வேலை பார்ப்பவர், நேர்காணலுக்கோ ஊதிய மறுஆய்வுக்கோ முந்தைய மாதத்தில் மட்டும், ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா எடுத்தால் போதும். முகப்பு எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே, தனக்கு எவ்வளவு தேவை, எவ்வளவுக்குக் கீழே போக முடியாது என்ற இரண்டையும் காகிதத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு நேரே நூற்றுமான அட்டவணைக்குச் செல்லலாம். பதிவுகள் ஐம்பதுக்குக் குறைவாக இருந்தால் அதை நம்ப வேண்டாம். தம் நாட்டின் புள்ளியியல் துறை வெளியிடும் ஊதிய அட்டவணை இருந்தால் அதையும் அருகில் வைத்து ஒப்பிடுவது நல்லது. அது இலவசமாகவே கிடைக்கும். அபூர்வமான பதவியில் இருப்பவர்களுக்கும், சுயதொழில் செய்பவர்களுக்கும், பாதி நேர வேலை பார்ப்பவர்களுக்கும் இந்தச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விரிவான அறிக்கைக்கு ஐந்துக்கு நான்கு. முகப்பு மதிப்பீட்டுக்கு ஒன்று. பணித்திருப்திச் சோதனைக்கும் ஒன்று. அடுத்த ஆண்டு ஊதிய மறுஆய்வு வரும்போது மீண்டும் ஒரு மாதச் சந்தா எடுப்பேன். அட்டவணைப் பக்கத்தின் முகவரியை இப்போதே குறித்து வைத்திருக்கிறேன், முகப்பைக் கடக்காமல் உள்ளே போவதற்காக.